மைசூரில் ஒரு பகல்: தாமே வழி வகுத்துக்கொள்வோர்க்குச் சில குறிப்புகள்

பயணம் செய்வோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். பிறர் வகுத்த நிரலின்படி சென்று, அவர் காட்டியதைக் கண்டு, அவர் அழைத்தபோது வண்டி ஏறுவோர் ஒரு வகையினர். போகும் இடத்தையும் தங்கும் நேரத்தையும் ஏறும் வண்டியையும் தாமே தேர்ந்துகொள்வோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்குக் கவலை குறைவு. பின்னவர்க்கு உரிமை மிகுதி. இவ்விரண்டில் எது சிறந்தது என்று வழக்காடுவது இவ்வுரையின் நோக்கமன்று. இரண்டாம் வழியைத் தேர்ந்தவர் எவற்றையெல்லாம் முன்னரே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் வந்துபோகும் மைசூர் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

இதற்கு முன்னுரையாக, கடலிற் செல்லும் சுற்றுலாக் கப்பல்களின் வழக்கம் ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். நம் மேற்குக் கரையில் கொச்சி, புதிய மங்களூர் ஆகிய துறைமுகங்களுக்கு இத்தகைய கப்பல்கள் வருவதுண்டு. கப்பல் துறையை அடைந்ததும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டிகளில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கப் போவோர் சிலர். துறைமுக வாயிலுக்கு வெளியே தாமே வண்டி பேசிக்கொண்டு போவோர் சிலர். நிறுவனத்தின் வண்டியிற் சென்றவர் திரும்பி வரத் தாமதமானால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். காத்திருக்க இயலாவிடினும், அவர்களைக் கப்பலோடு மீண்டும் சேர்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். தாமே சென்றவர் தாமதித்தாலோ, கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும். அவர் தம் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு ஓடிச் சென்று அதனைப் பிடிக்க வேண்டியதுதான்.

இவ்வழக்கத்தில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. தனியே செல்வதால் பணம் மிச்சமாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் ஒன்று நிச்சயம்: நேரத்தின் பொறுப்பு நிறுவனத்தின் தோளிலிருந்து நம் தோளுக்கு மாறிவிடுகிறது. இதனை உணர்ந்தவரே தனிப் பயணத்தின் முழு இன்பத்தையும் பெறுகின்றனர்.

புதிய மங்களூரில் இறங்கிய ஒருவர், 'மைசூரும் கர்நாடகத்தில்தானே இருக்கிறது. பார்த்துவிட்டு வரலாமே' என்று புறப்பட்டால் என்ன ஆகும்? இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இடையில் மடிக்கேரியைத் தன் மேல் தாங்கி நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. போவதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கப்பல் துறைமுகத்தில் நிற்பதோ பெரும்பாலும் ஒரு பகற்பொழுது. அவர் அரண்மனை வாயிலைத் தொடும்போதே திரும்ப வேண்டிய நேரம் கடந்திருக்கும். தொலைவை மைல் கணக்கில் அளவாமல் மணிக் கணக்கில் அளக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மைசூருக்குக் கடலில்லை. ஆயினும் அந்நகருக்கு வரும் நம்மில் பலரும் ஒரு வகையில் கப்பற் பயணிகளே. 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கோல்டன் சாரியட்' என்னும் சொகுசு ரயில், தண்டவாளத்தின் மேற்செல்லும் சுற்றுலாக் கப்பல் என்றே சொல்லத் தக்கது. இரவில் ஓடி, பகலில் நின்று, பயணிகளை ஊர் பார்க்க அனுப்புவது அதன் முறை. அத்துணைச் செல்வம் நமக்கில்லாமற் போகலாம். ஆனால் மும்பையிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ சொந்த ஊருக்குச் செல்லும் வழியில் ஒரு நாள் மைசூரில் இறங்குபவர்க்கும், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த தாய் தந்தையரை விடுமுறை நாளில் மைசூருக்கு அழைத்து வருபவர்க்கும் நிலைமை ஒன்றே. திரும்பும் வண்டியே அவர்களுடைய கப்பல். அது அவர்களுக்காகக் காத்திருக்காது.

இழப்பும் சிறிதன்று. ஆண்டுக்கு ஓரிரு முறை கிடைக்கும் விடுமுறை. முதியோர்க்கு மறுமுறை வாய்க்குமோ வாய்க்காதோ என்று அறிய இயலாத ஒரு பயணம். பல நாள் முன்னதாகவே பதிவு செய்த பயணச்சீட்டு. இவையனைத்தும் ஓர் அரைமணி நேரப் பிழையால் வீணாகலாம். அன்றியும், பிழை நேருமோ என்னும் பதைப்பினால், கண்முன் நிற்கும் அரண்மனையைக் காணாமல் கைக்கடிகாரத்தையே கண்டு மீள்வோரும் உண்டு. அதுவும் ஓர் இழப்பே.

அவ்வாறாயின் குழுவோடு சேர்ந்து சுற்றுலாப் பஸ்ஸில் போய்விடலாமே என்று கேட்கலாம். அதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சிச்சாலை, தூய பிலோமினா தேவாலயம், ஸ்ரீரங்கப்பட்டணம், கண்ணம்பாடி அணையை ஒட்டிய பிருந்தாவனம் என ஆறு இடங்களை ஒரே நாளில் காட்டுவதாகக் கொள்வோம். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை பன்னிரண்டு மணி நேரம். உணவுக்கும் சிற்றுண்டிக்கும் ஒன்றரை மணி போகும். மலை ஏறி இறங்குவதும், ஊருக்கு வெளியே சென்று மீள்வதும், வண்டி நிறுத்துவதும், அனைவரும் ஏறிவிட்டனரா என்று தலை எண்ணுவதும் சேர்ந்தால் நான்கு மணிக்குக் குறையா. எஞ்சுவது ஆறரை மணி. ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகும். அந்த ஒரு மணிக்குள்ளேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்கவும், காலணி வைத்து எடுக்கவும் வேண்டும். இளைஞர்க்கு இது தாங்கும். முழங்கால் வலியுள்ள தாயாருக்கும் கைக்குழந்தைக்கும் இது தண்டனையாகிவிடும்.

ஆதலின் தனியே செல்ல விரும்புவோரின் நோக்கம் ஆறு இடங்களையும் மலிவாகப் பார்ப்பதாக இருத்தல் கூடாது. மூன்று இடங்களை அமைதியாகப் பார்ப்பதாக இருத்தல் வேண்டும். இதுவே உரிமையின் பயன்.

இனி, ஏற்பாடுகளை ஒழுங்காகக் காண்போம். முதலாவது, திரும்புதல். ஊர் பார்க்கும் திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து எழுதுவது பலருடைய பழக்கம். அதனை முடிவிலிருந்து எழுதுவதே அறிவுடைமை. ரயிலில் முன்பதிவு செய்துகொள்ளும் கால எல்லை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்த அறுபதாம் நாளிலேயே திரும்பும் சீட்டை வாங்கி வைத்துவிட வேண்டும். மைசூரிலிருந்தே புறப்படும் வண்டிகளில் நமக்குப் பயன்படுவன சில உண்டு. சென்னைக்குச் செல்லும் காவேரி விரைவு வண்டி இரவு வண்டி. பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ஒரு வண்டி செல்கிறது. 2022 நவம்பர் 11 அன்று சென்னைக்கும் மைசூருக்கும் இடையே வந்தே பாரத் வண்டி தொடங்கப்பட்டது. ஆனால் அவ்வண்டி சென்னையில் விடியலிற் கிளம்பி, நண்பகலில் மைசூரை அடைந்து, சிறிது நேரத்திலேயே திரும்பிவிடுவது. போக அதனையும், அன்றே மீள அதனையும் நம்புபவர் மைசூரின் நிலைய மேடையை மட்டுமே காண்பர். விரைவான வண்டி என்பதனாலேயே அது நம் பகலுக்கு ஏற்ற வண்டி ஆகிவிடாது.

திரும்பும் வண்டி இரவு எட்டரை மணிக்கு என்று கொள்வோம். நிலையத்தில் ஏழே முக்கால் மணிக்கு இருத்தல் வேண்டும். அதற்கு முன் இரவு உணவு, ஏழு மணி. அதற்கும் முன் ஒரு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டு வைக்க வேண்டும். ஊர்வலமோ மழையோ சாலை நெருக்கடியோ விழுங்குவதற்குரிய மணி அது. எதுவும் விழுங்காவிடின் அந்நேரத்தில் மல்லிகை வாங்கலாம், குற்றமில்லை. ஆக, ஊர் பார்க்கும் பொழுது மாலை ஆறு மணியோடு முடிகிறது. இக்கணக்கைக் காகிதத்தில் எழுதிய உடனே, இருட்டிய பின்னரே அழகு பெறும் பிருந்தாவனத்தின் இசை நீரூற்று இத்திட்டத்தில் அடங்காது என்பது தானே புலப்படும். அதனை ஆசையோடு சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து இரவில் ஓடிவருவதினும், மறுநாள் புறப்படுவது மேல்.

இரண்டாவது, கிழமை. மிருகக்காட்சிச்சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இவ்வொன்றை மறந்தால் வாயிலில் அழுகுரல் கேட்கும். அரண்மனை காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை மணி வரை திறந்திருக்கும். அதன் புறத்தே ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளை ஏற்றும் காட்சி ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் இரவு ஏழு மணி அளவில் நிகழ்வது. அதனைக் காண விரும்புவோர் ஞாயிறு வந்து, பின்னிரவு வண்டியையோ மறுநாள் வண்டியையோ தேர்ந்துகொள்ளல் வேண்டும். சாமுண்டீசுவரி கோயிலில் பிற்பகல் இரண்டு மணி அளவில் நடை சாத்தி, மூன்றரை மணி அளவில் திறப்பது வழக்கம்; ஆதலின் மலைக்குக் காலையிலேயே போவது நலம். தசரா நாட்களில் ஊர் முழுவதும் திருவிழா. அரண்மனையைச் சுற்றிய சாலைகளில் வண்டிகளைத் தடுத்துத் திருப்பி விடுவர். தசராவுக்கென்றே வருபவர்க்கு அது பேறு. இரு ரயில்களுக்கிடையே வந்து போவோர்க்கு அது பொருந்தாத வாரம்.

மூன்றாவது, திசை. மைசூரின் காட்சிகளைத் திசைவாரியாகப் பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். ஊரின் நடுவில் அரண்மனை, ஜகன்மோகன அரண்மனை, தேவராஜ மார்க்கெட் ஆகியன நடந்தே செல்லத்தக்க தொலைவில் அடுத்தடுத்து உள்ளன. தென்கிழக்கே மிருகக்காட்சிச்சாலையும் சாமுண்டி மலையும் உள்ளன. வடக்கே ஸ்ரீரங்கப்பட்டணம், வடமேற்கே கண்ணம்பாடி அணை. கிழக்கே சோமநாதபுரம். ஒரு திசைக்கு அரை நாள் என்று கொள்ளுங்கள். அரை நாளில் இரு திசைகளைக் கலக்காதீர்கள்.

நடுவூரில் முதற்கண் காணத்தக்கது அரண்மனையே. பழைய மர அரண்மனை 1897-இல், அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றின்போது தீக்கிரையாயிற்று. அதன்பின் எழுந்த இன்றைய மாளிகை 1912-இல் முடிவடைந்தது. இதனை வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. சென்னையை அறிந்தவர் இரண்டையும் மனத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கலியாண மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்க்கவே கால் மணி நேரம் வேண்டும். அக்கால் மணியைத் தருவது தனிப் பயணம் ஒன்றே.

குழுவின் வண்டி நில்லாத சில இடங்களுக்கும் தனியே வந்தவர் போகலாம். 1891-இல் தோன்றிய கீழ்த்திசை நூலகம் அவற்றுள் ஒன்று. இன்று அது கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகிறது. கௌடலியரின் அர்த்த சாஸ்திரம் உலகத்தின் கண்ணுக்கு மீண்டும் தென்பட்டது இங்கேதான். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அளித்த ஓலைச்சுவடியை 1905-இல் சாம சாஸ்திரியார் கண்டறிந்து, 1909-இல் மூல நூலை அச்சிற் கொணர்ந்தார். வானொலி நேயர்க்கு மற்றொரு செய்தியும் இனிக்கும். 1935-இல் இந்நகரில் உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவி நடத்தினார். அதற்கு அமைந்த பெயர் 'ஆகாசவாணி'. அப்பெயரே 1957-இல் அகில இந்திய வானொலியின் பெயராயிற்று. இத்தகைய செய்திகளை முன்பே படித்து வருவோர்க்குத் தெருவில் நடப்பதும் காட்சியே.

மலைத் திசையில், சாமுண்டி மலைக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்தவை அவை. எழுநூறாம் படி அளவில் ஒரே பாறையிற் செதுக்கிய பெரிய நந்தி அமர்ந்திருக்கிறது. முதியோரோடு வருபவர் சாலை வழியே மேலே சென்று, கோயிலை வணங்கி, இறங்கும்போது நந்தியருகே வண்டியை நிறுத்தச் சொல்லலாம். 1892-இல் தொடங்கிய மிருகக்காட்சிச்சாலை மலையடிவாரத்தை ஒட்டியது. உள்ளே நடை மிகுதி. நடக்க இயலாதார்க்குப் பேட்டரி வண்டி உண்டு.

வடதிசைச் செலவு நம்மவர்க்குத் தனிப்பட்ட உறவுடையது. காவிரியின் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பள்ளிகொண்ட பெருமாளை ஆதி ரங்கர் என்பர். சிவசமுத்திரத்தில் இருப்பவர் மத்திய ரங்கர். நம் திருவரங்கத்தில் இருப்பவர் அந்திய ரங்கர். ஒரே ஆறு மூன்று ஊர்களையும் மாலையாகத் தொடுக்கிறது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த கோட்டையும், 1784-இல் அவர் கட்டிய தரியா தௌலத் மாளிகையும் இங்கே உள்ளன. மைசூர்–பெங்களூர் ரயில் பாதை இக்கோட்டைக்குள் நுழைந்தே செல்வதால், இங்கே நிற்கும் வண்டி எதுவென்று அறிந்துகொண்டால் ரயிலிலேயே வந்து இறங்கலாம்.

கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் சோமநாதபுரம். 1268-இல் ஹொய்சளர் காலத்தில் எழுந்த கேசவர் கோயில் 2023-இல் பேலூர், ஹளேபீடுக் கோயில்களோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அங்கே பஸ்ஸிற் செல்வோர் பன்னூரிலோ திருமகூடல் நரசிப்பூரிலோ வண்டி மாற வேண்டியிருக்கும். மாறும் இடத்தில் எத்தனை நேரம் நிற்க நேரும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆதலின் ஒரே பகல் உடையவர் இவ்வூருக்கு மட்டும் வாடகைக் காரை நாடுவது தக்கது.

நான்காவது, ஊர்தி. மைசூரில் இரு பஸ் நிலையங்கள் உள்ளன. புதியவர் இவற்றை ஒன்றென மயங்குவர். நகருக்குள்ளும் அண்மைக் கிராமங்களுக்கும் செல்லும் வண்டிகள் அரண்மனையருகே உள்ள நகரப் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும். சாமுண்டி மலைக்கு 201-ஆம் எண் வண்டி அங்கிருந்தே செல்கிறது. வெளியூர் வண்டிகளுக்குரிய நிலையம் வேறு. அது பெங்களூர்–நீலகிரி சாலையில் உள்ளது. வழி கேட்கும்போது 'பஸ் நிலையம்' என்று மட்டும் கேளாமல், எந்த நிலையம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கர்நாடக அரசு 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய 'சக்தி' திட்டத்தின்படி அம்மாநிலத்தில் வசிக்கும் பெண்கள் அரசின் சாதாரணப் பஸ்களில் கட்டணமின்றிச் செல்லலாம். பெங்களூரில் குடியிருக்கும் நம் சகோதரிகள் அம்மாநில முகவரியுள்ள அடையாள அட்டையைக் கையோடு வைத்திருந்தால் பயன் பெறுவர். ஊரிலிருந்து வந்திருக்கும் அவர்தம் தாயார் சீட்டு வாங்கியே ஆக வேண்டும்.

சிறு தொலைவுக்கு ஆட்டோ ஏற்றது. ஏறுமுன் மீட்டர்க் கணக்கா, பேசிய கூலியா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் சுற்றிக் காட்டுகிறேன் என்று மிகக் குறைந்த கூலி கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அக்குறைந்த கூலியின் மிகுதியைச் சந்தன எண்ணெய் என்றும் மைசூர்ப் பட்டு என்றும் விற்கும் கடைக்காரர் தருகிறார். கடைக்காரர்க்கு நாம் தருகிறோம். இதில் பணத்தினும் பெரிய நட்டம் நேரமே. இரு கடைகளில் அமர்ந்து எழுந்தால் ஒரு மணி போயிற்று. 'இன்று கடைக்குப் போகும் எண்ணமில்லை' என்று முதலிலேயே இனிமையாகச் சொல்லிவிடல் போதும். பட்டு வாங்கியே ஆக வேண்டுமெனில், 1912-இல் மன்னர் காலத்தில் தொடங்கி இன்று அரசு நிறுவனமாக நடைபெறும் பட்டு நெசவாலையின் விற்பனைக் கூடத்துக்கு நாமே போகலாம்.

அரண்மனையைச் சுற்றி டாங்கா என்னும் குதிரை வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. தாத்தாவும் பேரனும் ஒருங்கே மகிழும் ஊர்தி அது. ஆனால் அதனை ஓரிடத்துக்கு விரைந்து செல்லும் சாதனமாகக் கொள்ளாமல், அதுவே ஒரு காட்சி என்று கொண்டு அரை மணி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் அமர்த்துவோர் ஐந்து செய்திகளை முன்னரே பேசி முடித்தல் வேண்டும். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், இவை மிகுந்தால் மணிக்கு என்ன, கிலோமீட்டருக்கு என்ன, சுங்கமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் யார் பொறுப்பு, ஓட்டுநரின் பேட்டாவும் உணவும் எதில் அடங்கும். பேசியவற்றை ஒரு துண்டுக் காகிதத்திலோ கைப்பேசிச் செய்தியிலோ எழுதி இரு சாராரும் வைத்துக்கொண்டால், மாலையில் குரல் உயர வேண்டிய தேவையிராது. நம் ரயில் எத்தனை மணிக்கு என்பதை ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுதல் நன்று. ஊரின் நெருக்கடி எந்த வீதியில் எந்நேரத்தில் என்பதை அவர் அறிவார். அவரையும் நம் பொறுப்பிற் பங்காளியாக்கிக்கொள்வது நல்ல உபாயம்.

ஐந்தாவது, பேச்சு. மைசூரில் தமிழ் அறிந்தோர் பலர். ஆயினும் கன்னடத்தில் நான்கு சொல் பேசுவது விருந்தினர்க்கு அழகு. 'எஷ்டு' என்றால் எவ்வளவு. 'எல்லி' என்றால் எங்கே. 'பேக்கு' என்றால் வேண்டும். 'பேடா' என்றால் வேண்டாம். 'அண்ணா' என்றும் 'அக்கா' என்றும் அழைப்பதற்கோ மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவை இரு மொழிக்கும் பொதுவுடைமை. பஸ்களின் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாதவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏறுமுன் நடத்துநரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்தால் ஒரு பகல் எவ்வாறு அமையும்? காலை ஏழு மணிக்கு மைசூரில் இறங்குவதாகக் கொள்வோம். நிலையத்திலேயே குளித்து, பெட்டிகளைப் பூட்டி, பொருள் வைப்பறையில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுக. பூட்டில்லாத பையை அங்கே ஏற்பதில்லை; ஆதலின் பூட்டு ஒன்றைக் கையில் கொண்டு வருதல் வேண்டும். சிற்றுண்டி முடித்து எட்டரைக்கு மலைக்குப் புறப்பாடு. கோயிலும் நந்தியும் கண்டு பதினொன்றுக்குக் கீழே வருதல். பதினொன்றரை முதல் ஒன்றரை வரை அரண்மனை. பின்னர் உணவும் ஓய்வும். மூன்று மணிக்குக் குழந்தைகள் இருப்பின் மிருகக்காட்சிச்சாலை. இல்லையேல் ஜகன்மோகன அரண்மனையின் ஓவியக்கூடம். ஐந்து மணிக்குத் தேவராஜ மார்க்கெட்டில் பூவும் வெற்றிலையும் குங்குமக் குவியலும் பார்த்து நடத்தல். ஆறு மணிக்கு நம் வெற்று மணி தொடங்குகிறது. ஏழே முக்காலுக்கு நிலையம். பார்த்த இடங்கள் நான்குதான். ஆனால் அவை நான்கும் நினைவில் நிற்கும்.

இறுதியாக, தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்னரே எண்ணி வைக்க வேண்டும். பெங்களூருக்கு வெளியூர்ப் பஸ் நிலையத்திலிருந்து பகலிலும் இரவிலும் அடுத்தடுத்து வண்டிகள் உண்டு. ஆதலின் பெங்களூர் செல்பவர் ரயிலைத் தவறவிட்டாலும் வீடு சேரலாம். அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டியவரோ அத்துணை எளிதாகத் தப்ப இயலாது. அவர்கள் இரு வண்டிகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டே சீட்டு எடுத்தல் வேண்டும்.

உதகைக்குச் சாலை வழியே செல்வோர்க்கு மற்றோர் எச்சரிக்கை. அவ்வழி பந்திப்பூர்க் காட்டினூடே செல்வது. வனவிலங்குகளின் நலங்கருதி 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அக்காட்டுச் சாலையிற் போக்குவரத்து தடைசெய்யப்பட்டது. குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் மட்டுமே விலக்கு. மைசூரிலிருந்து பந்திப்பூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இன்னும் ஒரு கடை, இன்னும் ஒரு காபி என்று மாலையை நீட்டுபவர் மூடிய வனவாயிலின் முன் இரவைக் கழிக்க நேரும். அன்றியும், உதகைக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவோர் முன்னரே இணைய அனுமதிச் சீட்டுப் பெறும் முறை 2024 மே 7 முதல் வந்தது. அதன் அந்நாளைய விதியைப் புறப்படுமுன் அறிந்துகொள்க.

கப்பலாயினும் ரயிலாயினும் காட்டின் வாயிலாயினும் நீதி ஒன்றே. நாமே வழி வகுத்துக்கொள்ளும்போது நமக்காகக் காத்திருப்பார் எவருமிலர். அதனால் அஞ்ச வேண்டியதில்லை. திரும்பும் நேரத்தை முதலில் நிலைநாட்டி, ஒரு மணியை வெறுமனே விட்டு வைத்து, திசைக்கு அரை நாள் என வரையறுத்துக்கொண்டால், இடைப்பட்ட பகல் முழுவதும் நம்முடையதே. அப்பகலில், பெற்ற தாய் மலைமேல் அன்னை சாமுண்டியின் முன் எத்தனை நேரம் கண்மூடி நின்றாலும், புறப்படுக என்று மணியடிப்பார் ஒருவரும் இரார்.